பெயர் மாறிய லேப்டாப்: குன்னூர்க் கடையில் ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் ஒரே ஒரு லேப்டாப். 15.6 அங்குலத் திரை, நடுத்தர விலை, கல்லூரிப் பிள்ளைகளும் அலுவலகக் கணக்கர்களும் தேடி வாங்கும் ரகம். 2025-ல் அதன் புதுப் பதிப்பு எங்கள் குன்னூர்க் கடைக்கு வந்தபோது பழைய பதிப்பும் கையிருப்பில் இருந்தது. இரண்டையும் ஒரே மேசையில் அடுத்தடுத்து வைத்து விற்றோம். யார் எதைப் பார்த்து முகம் மலர்ந்தார்கள், எதைக் கேட்டு முகம் சுளித்தார்கள் என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று அப்போதே தோன்றியது. தயாரித்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இதே கதை பல பிராண்டுகளில் நடக்கிறது.

நான் கண்டதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மாற்றம் சிறியது என்பதற்காக யாரும் எங்களிடம் கோபித்துக்கொள்ளவில்லை. "இதெல்லாம் அப்படியேதான் இருக்குங்க" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு, தனக்கு எது வேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். மாறாத விஷயத்தை வேறு யாரோ சொல்லித் தெரிந்துகொண்டவர்களுக்குத்தான் மனசு ஆறவில்லை.

மாறியது எவ்வளவு

பழைய பதிப்பில் இருந்தது இன்டெலின் ஐ5-1335யு பிராசசர். புதியதில் கோர் 5 120யு. முதலாவது 2023 ஜனவரியில் வந்தது, இரண்டாவது 2024 ஜனவரியில். நடுவே இன்டெல் தன் பெயர்களிலிருந்து 'ஐ' எழுத்தை எடுத்துவிட்டதால் இரண்டும் வேறு வேறு குடும்பத்துப் பிள்ளைகள் போலத் தெரிகின்றன. உள்ளே இரண்டும் இன்டெலின் ராப்டர் லேக் என்ற ஒரே வடிவமைப்புதான். இரண்டிலும் 10 கோர்கள் (கணக்கிடும் பகுதிகள்): வேகமானவை 2, சிக்கனமானவை 8. 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்), 12 எம்பி கேச் (சிப்புக்குள்ளேயே உள்ள நினைவகம்), 15 வாட் அடிப்படை மின்செலவு எல்லாம் ஒன்றே. உச்ச வேகம் மட்டும் 4.6-லிருந்து 5.0 கிகாஹெர்ட்ஸ் ஆகியிருக்கிறது. காகிதத்தில் 9 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. இப்படிப்பட்ட மெல்லிய லேப்டாப்பில் அந்த உச்சத்தைக் கொஞ்ச நேரத்துக்கு மேல் பிடித்து வைக்க முடியாது. சூடு ஏறியதும் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்துக்கு இறங்கிவிடும். ஒரே எக்செல் கோப்பை இரண்டிலும் திறந்து காட்டினோம். எது புதுசு என்று பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை.

மற்றபடி, 8 ஜிபி ஒற்றை ரேம் இருந்த இடத்தில் இரண்டு 8 ஜிபி சேர்ந்து 16 ஆனது. 720பி கேமரா 1080பி ஆகி, தள்ளி மூடும் ஒரு சின்ன மூடியும் வந்தது. உருண்டை பின் சார்ஜர் போய் டைப்-சி வந்தது. கீபோர்டில் வலது கன்ட்ரோல் விசை இருந்த இடத்தில், மைக்ரோசாஃப்டின் ஏஐ உதவியாளரான கோபைலட்டைத் திறக்கும் விசை உட்கார்ந்துகொண்டது. விலை 4,000 ரூபாய் கூடியது. திரை, பேட்டரி, மேல்மூடி, கீல், ஸ்பீக்கர் எதிலும் மாற்றமில்லை.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது பிராசசரின் புதுப் பெயர். டைப்-சி சார்ஜிங் பற்றிப் பக்கவாட்டில் பொடி எழுத்தில் ஒரு வரி. எங்கள் ஊர் வாடிக்கையாளர்களுக்கு எது முக்கியமாகப் பட்டது என்று பார்த்தால் இந்த வரிசை அப்படியே தலைகீழ்.

எந்த நேரத்தில் வந்தார்கள்

சாதாரண வருடம் என்றால் ஜூன், ஜூலையில் கல்லூரிச் சேர்க்கையோடு விற்பனை ஓய்ந்துவிடும். 2025-ல் அப்படி இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு அக்டோபர் 14-ஓடு முடியும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெலின் 8-ஆம் தலைமுறை பிராசசராவது வேண்டும். 2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைத்த பெட்டியைத்தான் மலைக் கிராமங்களில் பல வீடுகள் அதுவரை ஓட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் ரேம் கூட்டி, எஸ்எஸ்டி போட்டு நாங்களே உயிர் கொடுத்திருக்கிறோம். விண்டோஸ் 11 என்று வரும்போது அந்த வித்தை செல்லாது.

அதே சமயத்தில் செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி குறைந்தது. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கும் ஏசிக்கும் 28 சதவீதம் 18 ஆனது. லேப்டாப்புக்கு முன்பும் 18, பின்பும் 18. "எல்லாத்துக்கும் குறைஞ்சிருக்கே, உங்க கடையில மட்டும் ஏங்க குறையல?" என்று கேட்டவர்களுக்குப் பழைய பில்லையும் புதிய பில்லையும் காட்ட வேண்டியிருந்தது. கேட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன். விலை குறையும் என்ற நம்பிக்கையோடு வந்தவரிடம், போன வருடத்து மெஷினையே கொஞ்சம் மாற்றி 4,000 கூட்டிச் சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்? அந்த மனநிலையோடுதான் பெரும்பாலானோர் அந்த மேசைக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

'அல்ட்ரா' என்ற சொல்

கோத்தகிரி பக்கத்து ஹட்டி (படகர் கிராமம்) ஒன்றிலிருந்து ஒரு சிறு தேயிலை விவசாயி மகளோடு வந்தார். மகள் கோவையில் இன்ஜினியரிங் படிக்கிறாள். பண்டிகைத் தள்ளுபடியில் ஆன்லைனில் இதே புதுப் பதிப்பை வாங்கியிருந்தார்கள். வாங்கி ஒரு மாதம் கூட ஆகவில்லை. விடுதியில் ஒரு தோழி ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு, "இது வெறும் கோர் 5. அல்ட்ரா இல்லையே, பழசு" என்று சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கு லேப்டாப்பைத் திறக்கவே பிடிக்கவில்லை.

தோழி சொன்னதில் பாதி உண்மை. இன்டெல் 2023 டிசம்பரில் கோர் அல்ட்ரா வரிசையை வெளியிட்டது. அது புதிய வடிவமைப்பு, செயற்கை நுண்ணறிவு வேலைகளுக்கென்று என்பியு என்ற தனிப் பகுதியும் அதில் உண்டு. அதற்கு அடுத்த மாதமே 'அல்ட்ரா' இல்லாத கோர் 5, கோர் 7 வந்தன. அவை முந்தைய வடிவமைப்பின் தொடர்ச்சி, என்பியு கிடையாது. ஸ்டிக்கரில் ஒரு சொல் வித்தியாசம், உள்ளே ஒரு தலைமுறை வித்தியாசம். கீபோர்டில் கோபைலட் விசை இருப்பதால் உள்ளேயும் ஏஐ இருக்கும் என்று யாரும் நினைத்துக்கொள்வார்கள். அந்த விசை கோபைலட்டைத் திறக்கும், அவ்வளவுதான். பதில் இணையத்தின் வழியாக எங்கோ உள்ள சர்வரிலிருந்து வருகிறது.

மகளிடம் இன்னொன்றும் சொன்னேன். மைக்ரோசாஃப்ட் 'கோபைலட் பிளஸ்' என்று முத்திரை குத்த என்பியு 40 டாப்ஸ் (நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்கு) திறனுக்கு மேல் இருக்க வேண்டும். முதல் கோர் அல்ட்ரா வரிசையில் இருந்த என்பியு அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. அதை வாங்கியிருந்தாலும் அந்த வசதிகள் கிடைத்திருக்காது. அவள் படிப்புக்கு வேண்டிய பைத்தானும் ஆட்டோகேடும் இந்த மெஷினில் தாராளமாக ஓடும். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. அப்பாவுக்குத் தெளியவில்லை.

"மெஷின் நல்லாத்தாங்க ஓடுது. ஆனா புதுசுன்னு சொல்லித்தானே கொடுத்தாங்க?"

அவர் கேட்டது நியாயம். இந்த ஆய்வில் நான் கேட்ட எதிர்வினைகளிலேயே மிகச் சரியானது இதுதான் என்று நினைக்கிறேன். பச்சைத் தேயிலையை எடை போட்டு, தரம் பார்த்து விலை வாங்கும் மனிதர் அவர். போன வருடத்துச் சரக்கு என்று தெரிந்து வாங்குவது வேறு, இந்த வருடத்துச் சரக்கு என்று சொல்லி அதையே கையில் கொடுப்பது வேறு.

இது இன்டெலோடு நிற்கவில்லை. இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டி 2022-ல் கொண்டுவந்த பெயரிடும் முறையில் ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு என்று இரண்டு உண்டு. பார்த்தால் பத்து எண் வித்தியாசம். உண்மையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்கிறது. 2 என்றால் ஜென் 2, அது 2019-ல் அறிமுகமானது. 3 என்றால் ஜென் 3. முன்னதில் 4 கோர், பின்னதில் 6. முதல் இலக்கமான 7-ஐப் பார்த்துத்தான் எல்லோரும் புதுசு என்று எண்ணுகிறார்கள். இந்த மூன்றாவது இலக்கத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்த வாடிக்கையாளர்கள் அப்புறம் தங்கள் சொந்தக்காரர்களையும் அழைத்து வந்து, "அண்ணா, அந்த எண் விஷயத்தை இவருக்கும் சொல்லுங்க" என்கிறார்கள்.

கணக்கரின் வலது கை

விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தேயிலை தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதும் பெரியவர் ஒருவர் எங்களிடம் நெடுநாளாக வருகிறார். விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலையின் எடையைத் தினமும் ஏற்றி, மாதம்தோறும் அறிவிக்கப்படும் சராசரி விலையை வைத்துப் பட்டுவாடா கணக்கை முடிப்பது அவர் வேலை. முழுக்க டேலி என்ற கணக்கு மென்பொருளில்தான். அவருக்குப் புது லேப்டாப்பை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தோம்.

அவர் திரையைப் பார்க்கவில்லை, பிராசசர் பெயரைக் கேட்கவில்லை. உட்கார்ந்ததும் வலது கையை எண் விசைகளின் மேல் வைத்தார். எடை, என்டர், எடை, என்டர் என்று விரல்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒரு விவசாயியின் பெயரில் ஏதோ திருத்த வேண்டியிருந்தது. டேலியில் பதிவுக்கு நடுவே மாஸ்டரை (பெயர் விவரப் பதிவை) திருத்த கன்ட்ரோலோடு என்டரைத் தட்ட வேண்டும். அவர் பழக்கத்தில் வலது கையின் கட்டைவிரல் வலது கன்ட்ரோலுக்குப் போனது, சுண்டுவிரல் என்டருக்கு. கோபைலட் ஜன்னல் திறந்துகொண்டது. மூடினார். மறுபடி தட்டினார். மறுபடி அதே ஜன்னல்.

"தம்பி, இது என்ன, நான் கூப்பிடாமலே வருது?"

இடது கையால் கன்ட்ரோலை அழுத்திக்கொள்ளலாமே என்று சொல்வது எளிது. அவருடைய இடது கை எடைச் சீட்டுக் கட்டின் மேல் இருக்கிறது. ஒவ்வொரு சீட்டாகத் தள்ளிக்கொண்டே வலது கையால் ஏற்றுவதுதான் அவர் வேலையின் ஓட்டம். வரத்து அதிகமான மாதத்தில் அந்தச் சீட்டுக் கட்டு எவ்வளவு உயரம் இருக்கும் என்பது தொழிற்சாலைக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அந்த விசை உள்ளுக்குள் அனுப்புவது இடது ஷிஃப்ட், விண்டோஸ், எஃப்23 ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரு சமிக்ஞை. மைக்ரோசாஃப்டின் இலவச மென்பொருளான பவர்டாய்ஸைக் கொண்டு அதை வேறு விசையாக மாற்ற முடியும். மாற்றிக் கொடுத்தோம். அவர் கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, "வருது. ஆனா பழசுல இதெல்லாம் செய்ய வேண்டாமே" என்றார். பழைய பதிப்பையே கேட்டார். அதில் இன்னொரு 8 ஜிபி ரேம் சேர்த்துக் கொடுத்தோம். புதுப் பதிப்புக்கு ஆகும் விலையைவிடக் கொஞ்சம் குறைவாகவே முடிந்தது.

அந்த இரண்டாவது ரேம் வெறும் எண்ணிக்கை இல்லை. ஒற்றை ரேமில் பழைய பதிப்பின் ஐ5 பிராசசரின் கிராஃபிக்ஸ் 'யுஎச்டி' என்று தன்னைக் காட்டிக்கொள்ளும். இரண்டு ரேம் போட்டதும் அதே சிப் 'ஐரிஸ் எக்ஸ்இ' என்று பெயர் மாறி, வேகமும் கூடும். பழைய பதிப்பை ஒற்றை ரேமோடு விற்றதுதான் அதன் பெரிய குறை. புதுப் பதிப்பில் நிஜமாக வேகம் கூடியதாக யாராவது உணர்ந்தால், அதற்குக் காரணம் புது பிராசசர் இல்லை, கூடவே வந்த இந்த இரண்டாவது ரேம்.

மலைக்காரர்கள் கொண்டாடிய துளை

டைப்-சி சார்ஜிங்தான் எங்கள் ஊரில் இந்த லேப்டாப்பை விற்றுக் கொடுத்தது. பெட்டியில் அதைப் பெரிதாகப் போடாதவர்கள் இந்த மலையில் ஒரு மழைக்காலத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

உருண்டை பின் சார்ஜர் ஒவ்வொரு பிராண்டுக்கும் ஒவ்வொரு தடிமன். பின் ஒத்துப்போனால் வாட் ஒத்துப்போகாது. கெட்டுவிட்டால் குன்னூரில் சரியானது கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. கோவைக்குச் சொல்லிவிட வேண்டும். பர்லியார் பக்கம் மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலையை அடைத்துவிட்டால், கோத்தகிரி வழியாகச் சுற்றி வரும்வரை லேப்டாப் மூடியே கிடக்கும். பெங்களூரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்யும் இளைஞர் ஒருவர் இதே காரணத்துக்காகப் பழைய பதிப்பை விற்றுவிட்டுப் புதியதை வாங்கினார். "பிராசசர் எதுவா இருந்தாலும் சரி, போன் கடையில சார்ஜர் கிடைச்சா போதும்" என்றார்.

மின்வெட்டு இன்னொரு காரணம். காற்றும் மழையும் சேர்ந்தால் மரம் விழுந்து கம்பி அறுவது இங்கே வழக்கம். உருண்டை பின் உள்ள லேப்டாப்புக்கு அப்போது யுபிஎஸ்ஸோ ஜெனரேட்டரோ வேண்டும். டைப்-சி என்றால் 65 வாட் பிடி (பவர் டெலிவரி என்ற பொதுவான வேகச் சார்ஜ் முறை) வசதியுள்ள பவர்பேங்க் போதும். 20,000 எம்ஏஎச் பவர்பேங்கில் சுமார் 74 வாட்-அவர் இருக்கும். இந்த லேப்டாப்பின் பேட்டரி 42. வழியில் வீணாவது போக, ஒருமுறை முழுதாக ஏற்றலாம்.

ஒரு எச்சரிக்கையைக் கூடவே சொல்ல வேண்டியிருந்தது. வீட்டில் இருக்கும் எந்த போன் சார்ஜரும் செய்யும் என்று நினைத்துச் செருகுகிறார்கள். திரையின் ஓரத்தில் 'மெதுவான சார்ஜர்' என்று விண்டோஸ் அறிவிக்கும், வேலை செய்துகொண்டே இருந்தால் பேட்டரி ஏறுவதற்குப் பதில் இறங்கும். போன் கம்பெனிகளின் வேகச் சார்ஜர்கள் பலவும் தங்கள் சொந்த முறையில்தான் வேகம் தருகின்றன. வாங்கும்போது 'பிடி 65 வாட்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, அதைப் பில்லின் பின்னாலேயே எழுதிக் கொடுத்தோம்.

கேமராவைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆன்லைன் வகுப்பு எடுக்கும் ஆசிரியைகள் சந்தோஷப்பட்டார்கள். மூடியை இரண்டு தடவை தள்ளிப் பார்த்து, "இது நல்லாருக்கு" என்றார்கள்.

தீராத குறைகள்

திரை விஷயத்தில் தயாரிப்பாளர் மேல் எனக்கே வருத்தம் உண்டு. 250 நிட்ஸ் வெளிச்சம், என்டிஎஸ்சி என்ற நிற அளவுகோலில் 45 சதவீதம். இணையப் படங்களுக்கான எஸ்ஆர்ஜிபி அளவுகோலில் சொன்னால் சுமார் 62 சதவீதம். இரண்டு பதிப்பிலும் அதே பேனல். பெட்போர்டு பக்கம் ஹோம்ஸ்டே நடத்தும் அக்கா ஒருவர், தன் தோட்டத்தின் படத்தை போனிலும் லேப்டாப்பிலும் பக்கத்துப் பக்கத்தில் திறந்தார். போனில் கொழுந்தின் பச்சை தனியாக, முதிர்ந்த இலையின் பச்சை தனியாகத் தெரிந்தது. லேப்டாப்பில் இரண்டும் ஒரே சாம்பல் பச்சை. "என் கெஸ்ட்டுக்கு அனுப்புற படத்தை நானே சரியா பார்க்க முடியலன்னா எப்படி?" என்றார். வேறு பிராண்டில் நல்ல திரையுள்ளதைக் காட்டினோம், அதை வாங்கிப் போனார். 4,000 ரூபாய் கூட்டியவர்கள் பேனலையும் மாற்றியிருந்தால் அவர் இதையே வாங்கியிருப்பார்.

பேட்டரியும் அதே 42 வாட்-அவர். குளிரில் லித்தியம் பேட்டரியின் உள் எதிர்ப்பு கூடும், கொடுக்கும் நேரம் குறையும். ஜனவரி உறைபனிக் காலத்தில் ஊட்டிக்காரர்கள் இந்தக் குறையோடு வருவார்கள் என்று தெரிந்தே விற்க வேண்டியிருக்கிறது.

ரேம் விலையும் ஓர் ஒப்பீடும்

விலைக் கதை நடுவில் திரும்பியது. "தீபாவளி முடியட்டும், குறையும்" என்று காத்திருந்தவர்கள் பலர். வழக்கமாக அது சரியான யோசனை. ஆனால் 2025 கடைசியில் ஏஐ சர்வர்களுக்கான தேவை மெமரி சிப்புகளை இழுத்துக்கொண்டதில் உலகெங்கும் ரேம் விலை ஏறியது. மைக்ரான் நிறுவனம் டிசம்பரில், க்ரூஷியல் என்ற பெயரில் நடத்திவந்த தன் நுகர்வோர் வணிகத்தையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. பழைய பதிப்பை வாங்கி ரேமைத் தனியாகப் போட்டுக்கொள்ளும் வழி, கணக்கருக்கு லாபமாக இருந்தது, பின்னால் வந்தவர்களுக்கு நஷ்டமாக ஆனது. முதலில் "16 எதுக்குங்க, 8 போதாதா?" என்று கூடுதல் 4,000-க்குத் தயங்கியவர்களே, டிசம்பரில் வந்து 16 ஜிபி பதிப்பு இருக்கிறதா என்று விசாரித்தார்கள். மெஷின் அதேதான். அதைப் பார்க்கும் கண் மூன்று மாதத்தில் மாறிவிட்டது.

இதோடு ஒப்பிட ஆப்பிளின் ஒரு முடிவைச் சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் எம்2, எம்3 சிப் உள்ள மேக்புக் ஏர் லேப்டாப்களின் அடிப்படை ரேமை 8-லிருந்து 16 ஆக்கினார்கள். விலையைக் கூட்டவில்லை, பெயரையும் மாற்றவில்லை. வேறெதுவும் மாறவில்லை. எங்களிடம் வேறு வேலையாக வந்தவர்கள்கூட அதைப் பற்றி நல்லபடியாகப் பேசினார்கள். அதே நிறுவனம் 2022-ல் எம்2 ஏரின் 256 ஜிபி மாடலில், முன்பு இரண்டு சிப் இருந்த இடத்தில் ஒரே சேமிப்பு சிப்பை வைத்தது. எஸ்எஸ்டி வேகம் எம்1-ஐவிடக் குறைந்தது. ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் வாங்கியவர்களுக்கே தெரிந்தது, அதற்குக் கிளம்பிய அதிருப்தி பெரிது. அன்றாட வேலையில் அந்த வேகக் குறைவைப் பலரும் உணர்ந்திருக்கவே மாட்டார்கள். கோத்தகிரி அப்பாவின் கேள்வியும் இந்த அதிருப்தியும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

எங்கள் மேசையில் இப்போது இருப்பது

கோத்தகிரிக்காரர் வந்து போன பிறகு மேசைக்கு மேல் ஒரு தாள் ஒட்டினோம். மேலே 'மாறாதவை' என்று தலைப்பு, கீழே திரை, பேட்டரி, பிராசசரின் உள் வடிவமைப்பு, கீல், ஸ்பீக்கர். அதற்குக் கீழேதான் 'மாறியவை'. வலது கன்ட்ரோல் போனதையும் அதில் எழுதியிருக்கிறோம். நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி அதைப் பார்த்துவிட்டு, "சார், இதை எடுத்துடுங்க, சேல்ஸ் அடிபடும்" என்றார். எடுக்கவில்லை. அடிபடவும் இல்லை. தாளைப் படித்துவிட்டுக் கேட்பவர்களின் கேள்விகள் நன்றாக இருக்கின்றன: "என் வேலைக்கு எது?", "ரேம் பின்னால போட முடியுமா?", "சார்ஜர் எத்தனை வாட்?" பேரம் பேசும் நேரம் குறைந்திருக்கிறது. வாங்கிப் போனபின் போன் செய்து குறை சொல்பவர்களும் குறைந்திருக்கிறார்கள்.

அடுத்த பதிப்புக்கு என்ன வேண்டும் என்று பிரதிநிதி கேட்டபோது, 300 நிட்ஸுக்கு மேல் முழு எஸ்ஆர்ஜிபி திரை, 50 வாட்-அவருக்கு மேல் பேட்டரி, வலது கன்ட்ரோல் திரும்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். பிராசசர் இதே இருக்கட்டும், பெயரையும் மாற்ற வேண்டாம் என்று கடைசி வரியாகச் சேர்த்தோம். கணக்கரின் தொழிற்சாலைக்கு இன்னும் இரண்டு மெஷின் தேவைப்படுகிறது. பழைய பதிப்பு தீர்ந்துவிட்டது. வலது கன்ட்ரோல் உள்ள மாடலாக வேறு பிராண்டில் தேடிக்கொண்டிருக்கிறோம்.